மைனர் லீக் மைதானத்தில் ஸ்கோர்கார்டு எழுதுவது எப்படி?

பேஸ்பாலில் மூன்று ஸ்ட்ரைக் ஒரு அவுட், நாலு பால் போனால் வாக், மூன்று அவுட்டில் பாதி இன்னிங்ஸ் முடிந்தது. இதுவரை தெரிந்தவர்களுக்கான பதிவு இது. இதற்கு மேல் உள்ளதை எழுத எழுதத்தான் கற்றுக்கொள்ள முடியும்.

எழுதிப் பழகுவதற்கு மேஜர் லீக் மைதானத்தைவிட, அதற்கு ஆட்டக்காரர்களைத் தயார்செய்யும் மைனர் லீக்தான் தோது. டிக்கெட் விலை குறைவு, பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னாலேயே இடம் கிடைக்கும், பிட்சர் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். எடுத்துக்காட்டுக்கு வட கரோலைனாவின் டர்ஹம் புல்ஸ் அணியை எடுத்துக்கொள்கிறேன். மேஜர் லீக்கின் டாம்பா பே ரேஸ் அணிக்கு ட்ரிபிள்-ஏ கிளை இது, அதாவது மேஜர் லீக்குக்கு அடுத்த படி. 1995இல் திறந்த டர்ஹம் புல்ஸ் அத்லெடிக் பார்க்கில் ஆடுகிறது. டெக்சஸ் ஃப்ரிஸ்கோவிலோ நியூ ஜெர்சி சாமர்செட்டிலோ இருப்பவர்களுக்கும் முறை இதேதான்.

எந்த ஆட்டத்துக்குப் போவது

2021 சீரமைப்புக்குப் பிறகு மைனர் லீக்கில் 120 அணிகள். ஒவ்வொரு மேஜர் லீக் அணிக்கும் ட்ரிபிள்-ஏ, டபுள்-ஏ, ஹை-ஏ, சிங்கிள்-ஏ என்று நான்கு கிளைகள். அட்டவணை எளிது: வெளியூர் அணி செவ்வாய்க்கிழமை வந்தால் ஞாயிறு வரை அங்கேயே தங்கி ஆறு ஆட்டம் ஆடும், திங்கள் பெரும்பாலும் விடுமுறை. எனவே முதல் இரண்டு முயற்சியையும் ஒரே வாரத்தில் வையுங்கள். செவ்வாயன்று எழுதிய அதே பெயர்கள்தான் புதனன்றும் பெரும்பாலும் வரும். பிட்சர் மட்டும் மாறுவார். வெள்ளி, சனிக்கிழமை வாணவேடிக்கைக் கூட்டத்தில் முன்னால் நிற்பவர் தலை மறைக்கும், பக்கத்து இருக்கைக்காரர் நூறு தடவை எழுந்து போவார். கை பழகின பிறகு அதற்குப் போகலாம்.

மழையால் தொடங்காமலே நின்றுபோன ஆட்டத்தை மறுநாள் சேர்த்து ஆடினால் இரண்டும் ஏழேழு இன்னிங்ஸ்தான். புதியவருக்கு அதில் ஒன்று அருமையான பயிற்சி.

இருக்கை பிளேட்டுக்குப் பின்னால், வலைக்கு உட்பட்ட பகுதியில், பத்துப் பதினைந்து வரிசை மேலே. காகிதத்தைக் குனிந்து பார்க்கும் நேரத்தில் ஃபவுல் பால் வரும் என்பதால் வலை கட்டாயம். மாலை ஆட்டம் என்றால் மூன்றாம் பேஸ் பக்கம் பாருங்கள். பெரும்பாலான மைதானங்களில் பேட்டரின் கண்ணில் மேற்கு வெயில் படாதபடி திசை அமைத்திருப்பார்கள். அந்த அமைப்பில் நிழல் முதலில் விழுவது அந்தப் பக்கம்தான். பைக்குள் எதைக் கொண்டுபோகலாம் என்பது மைதானத்துக்கு மைதானம் வேறு, அணியின் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கையில் என்ன வேண்டும்

0.7 மில்லிமீட்டர் மெக்கானிக்கல் பென்சில், தனி அழிப்பான், கிளிப் போட்ட அட்டை. 0.5 முனை மடியில் வைத்து அழுத்தும்போது ஒடியும். பேனா வேண்டவே வேண்டாம்: ஹிட் (அடித்தே பேஸைச் சேர்ந்தது) என்று அறிவித்ததைப் பத்து நிமிடம் கழித்து எரர் (ஃபீல்டரின் பிழை) என்று மாற்றுவார்கள்.

ஆப்பில் எழுதலாமா? எழுதலாம், ஆனால் கற்றுக்கொள்ள முடியாது. பட்டனை அழுத்தினால் அது தானே ஆட்களை நகர்த்திவிடும். ஏன் நகர்ந்தார்கள் என்று நீங்கள் யோசிக்கவே மாட்டீர்கள். தாளை இணையத்திலிருந்து இறக்கித் தடித்த காகிதத்தில் அச்சிடுங்கள். அணிக்கு ஒரு பக்கம், ஒவ்வொரு பேட்டிங் இடத்துக்கும் மூன்று வரி (மாற்று ஆட்டக்காரர்களுக்கு), குறைந்தது 11 பத்தி. பால், ஸ்ட்ரைக் குறிக்கக் குட்டிக் கட்டங்கள் இருந்தால் முதல் சில ஆட்டங்களுக்கு அவற்றைக் காலியாகவே விடுங்கள். பிட்சருக்கு நேரம் குறிக்கும் பிட்ச் கிளாக் வந்த பிறகு பேஸில் ஆளில்லாத நேரத்தில் சுமார் 15 வினாடிக்கு ஒரு பந்து வருகிறது. ஒவ்வொரு பந்தையும் குறிக்கப் போனால் ஆட்டத்தைத் தவறவிடுவீர்கள்.

ஆட்டத்துக்கு முன்

ஆட்டக்காரர் வரிசை மைனர் லீக் தளத்தில் வழக்கமாக ஆட்டத்துக்கு முன்பே வந்துவிடும். உட்கார்ந்ததும் சட்டை எண், பெயர், ஃபீல்டிங் இடம் மூன்றையும் எழுதிவிடுங்கள். போன வாரம் அச்சான பட்டியலை நம்ப வேண்டாம். ட்ரிபிள்-ஏயில் காலையில் இருந்த பிட்சர் மாலையில் ரேஸ் அணிக்குப் போயிருப்பார்.

ஃபீல்டிங் இடங்களுக்கு எண் உண்டு: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, இடது 7, நடு 8, வலது 9. ஷார்ட்ஸ்டாப் 6 என்பதில்தான் எல்லோருக்கும் கை தடுமாறும். அவர் இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நின்றாலும் எண் 5க்குப் பின்னால்தான் வருகிறது. இந்த ஒன்பதையும் தாளின் மூலையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குறியீட்டு முறைக்கு அடித்தளம் போட்ட ஹென்றி சாட்விக் இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் முதலில் கிரிக்கெட் செய்தி எழுதியவர்.

கீழே நான் தமிழில் தரும் குறிகளைக் காகிதத்தில் ஆங்கில எழுத்திலேயே போடுங்கள். தரையில் உருண்ட பந்தை ஷார்ட்ஸ்டாப் எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தால் 6-3. உயரே போன பந்தை நடு ஃபீல்டர் பிடித்தால் எஃப்8. ஸ்ட்ரைக்கவுட் கே, மட்டையை வீசாமல் நின்று அவுட்டானால் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போட்ட கே. வாக் பிபி. ஷார்ட்ஸ்டாப் கோட்டை விட்டால் ஈ6. அடி இல்லாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேரும் திருட்டு எஸ்பி, கேட்சரால் பிடிக்க முடியாதபடி பிட்சர் தாறுமாறாக எறியும் வைல்ட் பிட்ச் டபிள்யூபி. அவுட்டின் வரிசை எண்ணை அந்தக் கட்டத்திலேயே வட்டமிட்டு எழுதுங்கள்.

கட்டம் யாருடையது?

புதியவர்கள் தாளைக் கிழித்துப் போடுவது இந்த இடத்தில்தான். கிரிக்கெட் ஸ்கோர் புத்தகம் எழுதிப் பழகியவர்களுக்குக் குழப்பம் இன்னும் அதிகம். ஒரு கட்டம் என்பது ஒரு பேட்டரின் ஒரு பயணம். அவர் எப்படி பேஸுக்கு வந்தார், எப்படி நகர்ந்தார், எங்கே முடிந்தார், மூன்றும் அந்தக் கட்டத்துக்குள். அடுத்தவர் அடித்ததால் இவர் அவுட் என்றாலும் அவுட் இவர் கட்டத்தில்தான்.

டர்ஹம் பேட் செய்யும் ஒரு இன்னிங்ஸைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம்.

முதல் பேட்டர் வாக். அவர் கட்டத்தில் பிபி, உள்ளே இருக்கும் வைர வடிவத்தில் முதல் பேஸ் வரை ஒரு கோடு.

இரண்டாமவர் ஷார்ட்ஸ்டாப்பிடம் உருட்டுகிறார். ஷார்ட்ஸ்டாப் இரண்டாம் பேஸுக்குத் தட்டிவிட, ஓடிவந்த முதல் பேட்டர் அவுட். அடித்தவர் முதல் பேஸில் பிழைத்துக்கொள்கிறார். 6-4 என்று எழுத வேண்டியது முதல் பேட்டரின் கட்டத்தில், இரண்டாம் பேஸுக்குப் போகும் பாதையில், வட்டத்துக்குள் 1 போட்டு. இரண்டாமவரின் கட்டத்தில் எஃப்சி, அதாவது ஃபீல்டர்ஸ் சாய்ஸ். இது ஹிட் இல்லை. “அவர்தான் பேஸில் நிற்கிறாரே” என்று ஹிட் கணக்கில் சேர்த்தால் கடைசியில் எதுவும் ஒத்துப்போகாது.

மூன்றாமவர் ஆடும்போது இரண்டாமவர் இரண்டாம் பேஸைத் திருடுகிறார்: அவர் கட்டத்தில் எஸ்பி. பிறகு மூன்றாமவர் வீசித் தவறவிட்ட மூன்றாம் ஸ்ட்ரைக் தரையில் குத்தி கேட்சரைத் தாண்டி ஓடுகிறது. முதல் பேஸ் காலி. ஆகவே பேட்டர் ஓடலாம், ஓடிச் சேர்ந்துவிட்டார். கட்டத்தில் கே, பக்கத்தில் டபிள்யூபி, முதல் பேஸ் வரை கோடு, அவுட் வட்டம் கிடையாது. பிட்சர் கணக்கில் ஸ்ட்ரைக்கவுட் உண்டு, அவுட் இல்லை; ஒரே இன்னிங்ஸில் நாலு ஸ்ட்ரைக்கவுட் சாத்தியமாவது இப்படித்தான். இரண்டாம் பேஸில் நின்றவர் மூன்றாம் பேஸுக்குப் போனதற்கும் டபிள்யூபி. முதல் பேஸில் ஆள் இருந்தால் இந்த ஓட்டம் செல்லாது, இரண்டு அவுட் ஆகியிருந்தால் தவிர.

நான்காமவர் நடு ஃபீல்டரிடம் உயர அடிக்கிறார், பிடித்தாயிற்று, மூன்றாம் பேஸில் நின்றவர் ஓடி வந்து ரன். அடித்தவருக்கு எஸ்எஃப்8 (சாக்ரிஃபைஸ் ஃப்ளை, தான் அவுட்டாகி ரன் சேர்த்த உயர அடி), வட்டத்தில் 2. ரன் எடுத்தவரின் வைரத்தை நிரப்புங்கள். கடைசிப் பாதையில் அவரை உள்ளே அழைத்துவந்தவரின் சட்டை எண்ணை எழுதுங்கள். பேட்டிங் வரிசை எண்ணை எழுதுபவர்களும் உண்டு. அந்த இடத்தில் மாற்று ஆள் வந்தால் யார் செய்ததென்று தெரியாது என்பதால் எனக்குச் சட்டை எண்தான் சரி.

ஐந்தாமவர் இடது பக்கம் சிங்கிள். டர்ஹமில் அந்தப் பக்கச் சுவர் 32 அடி உயரம், ‘ப்ளூ மான்ஸ்டர்’ என்று பெயர். வேறு மைதானத்தில் ஹோம் ரன் ஆகியிருக்கும் பந்து இங்கே சுவரில் மோதி, 7 எடுத்து எறிவதற்குள் சிங்கிளாக நிற்கும். முதல் பேஸில் நின்றவர் மூன்றாம் பேஸுக்குப் போகிறார். ஆறாமவர் 4-3, வட்டத்தில் 3. இன்னிங்ஸ் முடிந்தது: ஒரு ரன், ஒரு ஹிட், பேஸில் நின்றுபோனவர் இருவர். கட்டத்தின் மூலையில் சாய்வாக ஒரு கோடு போட்டு அடுத்த இன்னிங்ஸ் எங்கிருந்து தொடங்கும் என்று குறியுங்கள்.

இன்னிங்ஸ் இடைவெளியில் சின்னப் பிள்ளைகளின் ஓட்டப்பந்தயமும் மாஸ்காட் கூத்தும் நடக்கும். மாற்று ஆட்டக்காரர் அறிவிப்பு அந்தச் சத்தத்தில் கரைந்துவிடும். இன்னிங்ஸ் தொடங்கும் முன் ஒன்பது பேரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். பிட்சர் மாறினால் அவர் சந்திக்கும் முதல் பேட்டரின் கட்டத்துக்கு மேலே அழுத்தமாக ஒரு கோடு. பேட்டர் மாறினால் கட்டத்தின் இடப்பக்கம் நெட்டுக்கோடு. ஜூலைக் கடைசியில் நன்றாக ஆடிக்கொண்டிருந்தவரைத் திடீரென்று வெளியே அழைத்து, அணி உட்காரும் டக்அவுட்டில் எல்லோரும் கட்டிப்பிடித்தால் காயம் என்று எழுதிவிடாதீர்கள்; அநேகமாக ஆட்டக்காரர் பரிமாற்றத்தில் வேறு அணிக்குப் போயிருப்பார்.

ட்ரிபிள்-ஏயில் ஒரு எச்சரிக்கை. பேட்டரோ கேட்சரோ பிட்சரோ தலையைத் தட்டினால் அம்பயரின் பால்-ஸ்ட்ரைக் முடிவைக் கணினிக்கு முறையிடுகிறார் என்று பொருள். திரையில் முடிவு வரும்வரை கே போடாமல் பென்சிலை நிறுத்துங்கள்.

கணக்கு சரிபார்ப்பது

விதிப்புத்தகத்திலேயே உள்ள சோதனை இது: ஓர் அணியின் மொத்த பேட்டர் வருகை = ரன் + பேஸில் நின்றுபோனவர்கள் + அவுட்கள். மேலே பார்த்த இன்னிங்ஸில் ஆறு பேர் வந்தார்கள். 1 + 2 + 3, சரியாக ஆறு. இதை ஆட்டத்தின் முடிவில் செய்யாமல் ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் செய்யுங்கள். ஒன்பதாவது முடிந்தபின் ஒன்று இடித்தால் எங்கே தேடுவது? முன்னிலையில் இருக்கும் உள்ளூர் அணி ஒன்பதாவது இன்னிங்ஸ் ஆடாது என்பதால் அவர்களுக்கு 24 அவுட்தான், 27 இல்லை.

ஹிட்டா எரரா என்ற சந்தேகத்துக்கு ஸ்கோர்போர்டைப் பாருங்கள், ஆனால் முதலில் உங்கள் முடிவை எழுதிவிட்டுப் பாருங்கள். அப்போதுதான் கண் பழகும். அதிகாரபூர்வ ஸ்கோரர் ஆட்டம் முடிந்த பிறகும் மாற்றலாம்; தளத்தில் வரும் பாக்ஸ் ஸ்கோரோடு (ஆட்டத்தின் சுருக்கக் கணக்கு) மறுநாள் ஒப்பிடுங்கள்.

பிற்சேர்க்கை: அடிக்கடி கேட்கப்படும் மூன்று

ஒரே இன்னிங்ஸில் ஒன்பது பேரும் ஆடி முடித்து முதல் ஆள் மறுபடி வந்தால் அடுத்த பத்தியில் எழுதுங்கள். அந்தப் பத்தியின் தலைப்பு எண்ணை அடித்துவிட்டு இதே இன்னிங்ஸ் எண்ணைப் போடுங்கள். 11 பத்தி கேட்டது இதற்காகவும்தான்.

ஃபீல்டர் இடம் மாறி நின்றால்? எண் ஆளோடு போகிறது, நிற்கும் இடத்தோடு இல்லை. மூன்றாம் பேஸ்காரர் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நின்று எடுத்தாலும் 5-3தான்.

மூன்றாவது, பத்தாவது இன்னிங்ஸ். மைனர் லீக்கில் 2018 முதல் கூடுதல் இன்னிங்ஸில் இரண்டாம் பேஸில் ஓர் ஆளை நிறுத்தியே தொடங்குகிறார்கள். வழக்கமாக அவர் முந்தைய இன்னிங்ஸில் கடைசியாக ஆடியவர். அவர் பெயருக்கு நேரே புது இன்னிங்ஸ் பத்தியில் இரண்டாம் பேஸில் ஒரு புள்ளி வைத்து அங்கிருந்து கோடு தொடங்குங்கள். அவர் ரன் எடுத்தால் அணிக்கு ரன் உண்டு, பிட்சரின் பொறுப்பில் எழுதும் ஏர்ன்டு ரன் கணக்கில் வராது. மேலே சொன்ன சோதனை இங்கே இடிக்கும், ஏனென்றால் இவர் பேட்டராக வராமலே பேஸில் நிற்கிறார். பேட்டர் வருகையோடு இப்படி நிறுத்திய ஒவ்வோர் ஆளுக்கும் ஒன்று கூட்டிக்கொண்டால் இரு பக்கமும் சரியாகிவிடும்.