பரணில் தூங்கும் வீணை: பிடித்ததிலும் பிழைக்க வைப்பதிலும் நாம் செய்யும் தவறுகள்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துப் பழைய வீடுகளை விற்பதற்காகக் காலி செய்யும்போது பரணிலிருந்து இறங்கும் பொருள்களில் மூன்று பெரும்பாலும் தவறாமல் இருக்கும்: ஒருமுறைகூடக் காபி ஊற்றப்படாத வெள்ளி டம்ளர், மடிப்புக் கலையாத பட்டுப்புடவை, உறை போட்ட வீணை. பிடிக்காததால் இவை மேலே போகவில்லை. வீட்டிலேயே மிகவும் பிடித்தவை இவைதான் என்பதனால் போயின. நல்ல நாள் வரட்டும், விருந்தினர் வரட்டும், பெண் பெரியவளாகட்டும் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப்போட்டு, கடைசியில் எடைக்குப் போடுகிற நாளில் அவற்றைக் கீழே இறக்குகிறோம். நாம் செய்யும் தவறுகளில் இதுவே தலையாயது. ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

வீணையை எடுத்துக்கொள்வோம். தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செய்யப்படுவது. அதன் 24 மெட்டுகளும், அதாவது தந்தியை அழுத்தி வாசிப்பதற்காகக் குறுக்கே வைக்கப்படும் உலோகக் கட்டைகளும், மெழுகோடு கரித்தூள் சேர்த்துப் பிசைந்த கலவையின்மேல், ஒவ்வொன்றும் தன் சுரத்தைத் துல்லியமாகச் சொல்லும்படி காதால் கேட்டுக் கேட்டுப் பதிக்கப்படுகின்றன. இதை ‘மேளம் கட்டுவது’ என்பார்கள். பரண் ஓட்டுக்குக் கீழே இருப்பதால் சித்திரை, வைகாசி வெயில் முழுவதும் அங்கே இறங்குகிறது. மெழுகு இளகி மெட்டு சாய்கிறது, பிறகு இறுகும்போது விரிசல் விடுகிறது, ஏழு தந்திகளும் துருவேறுகின்றன. தினமும் வாசிக்கப்படும் வீணையிலும் மெட்டு தேயத்தான் செய்கிறது, அதற்கும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேளம் கட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தேய்மானத்துக்குப் பதிலாக அந்த வீட்டில் ஒரு மோகனமோ ஒரு கல்யாணியோ ஒலித்திருக்கும். பட்டுப்புடவையும் அப்படியே: வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடக்கும் புடவை, அணிந்து கிழிவதற்கு முன்பே மடிப்பு ஓரத்தில் சரிகையோடு இற்றுவிடுகிறது.

இதே உண்மையை நெல் விஷயத்தில் டெல்டாவுக்கு எடுத்துக்காட்டியவர் திருத்துறைப்பூண்டி பக்கத்தைச் சேர்ந்த நெல் ஜெயராமன். 2018 டிசம்பரில் அவர் மறையும்போது, மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார் உட்பட நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்கள் அவருடைய முயற்சியால் மீட்கப்பட்டிருந்தன. அந்த விதைகளை அவர் கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் காட்சிக்கு வைக்கவில்லை. ஆதிரெங்கத்தில் நடந்த நெல் திருவிழாவுக்கு வரும் விவசாயிக்கு 2 கிலோ விதையை இலவசமாகக் கொடுத்து, மறு ஆண்டு அதையே 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். சாதாரணமாகச் சேமித்து வைத்த விதைநெல் ஓரிரு ஆண்டுகளிலேயே முளைப்புத்திறனை இழக்கத் தொடங்கும் என்பதால், விதைத்துக்கொண்டே இருப்பதுதான் அதைக் காப்பாற்றும் வழி. பரணில் பொருள்களைச் சேர்க்கும் நம் புத்திக்கு இந்தக் கணக்கு எளிதில் பிடிபடுவதில்லை.

அடுத்த தவறு இதற்கு நேர் எதிரானது. பிடித்ததை எட்டாத உயரத்தில் வைக்கும் நாமே, நம்மை வாழ வைப்பதைக் காலடியில் வைத்துக்கொண்டு குனிந்தும் பார்ப்பதில்லை. தண்ணீரைவிட இதற்குப் பெரிய சான்று டெல்டாவில் இல்லை. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டதிலிருந்து, நீர் இருக்கும் ஆண்டுகளில் ஜூன் 12 அன்று அது குறுவை நெல் சாகுபடிக்காகத் திறக்கப்படுவது வழக்கம். 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த 2024 ஆடி மாதத்தில் டீக்கடையிலும் பஸ்ஸிலும் எல்லோரும் அணையின் நீர்மட்டத்தை அடிக்கணக்கில் பேசினார்கள். 120 அடி என்பது முழுக்கொள்ளளவு என்று பள்ளிப்பிள்ளைகூடச் சொன்னான். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், தண்ணீர் முன்கூட்டியே வந்தபோது, அதைப் பற்றி அப்படிப் பேசியவர் எத்தனை பேர்?

முதல் தண்ணீர் வாய்க்காலுக்கு வரும் காட்சியை ஒருமுறையாவது நின்று பார்த்துவிட வேண்டும் என்பது என் கட்சி. அது நாம் நினைப்பதுபோல் ஆர்ப்பரித்து வருவதில்லை. வெடித்துக் கிடக்கும் வாய்க்கால் தரையில், ஒரு முழ அகலத்துக்கு, சருகையும் வைக்கோல் துணுக்கையும் எறும்புகளையும் நுரையோடு தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு வெடிப்புக்குள்ளும் இறங்கி அது நிரம்பிய பிறகே அடுத்ததற்கு நகர்ந்து, மெதுவாக வருகிறது. நம் நடை வேகத்துக்குக்கூட அது ஈடு கொடுக்காது. காய்ந்த மண் குடிக்கும் சத்தம் காதில் விழும். கல்லணையில் அமைச்சர்கள் பூவும் நெல்லும் தூவி வரவேற்பது செய்தித்தாளில் வந்துவிடுகிறது. கடைமடை வாய்க்காலில் அது வந்து சேரும் நாளில் அங்கே இருப்பது பெரும்பாலும் மண்வெட்டியோடு நிற்கும் ஒருவர் மட்டுமே.

அந்த மண்வெட்டிக்காரரைப் பார்த்து “உங்களுக்கென்ன, பச்சைப்பசேலென்ற வயல், நிம்மதியான வாழ்க்கை” என்று சொல்வது மூன்றாவது தவறு. வெளியூரிலிருந்து விடுமுறைக்கு வருபவர்கள் இதைத் தவறாமல் செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன். அது ஒரு தை மாதம். என் சித்தப்பா சாலையில் நெல்லைக் கொட்டிக் காலால் துழாவிக் காயவைத்துக்கொண்டிருந்தார். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். முந்தின இரவு பருவம் தவறிய மழை பெய்திருந்தது. நான் நிம்மதியைப் பற்றிப் பேசியதும் அவர் ஒரு நெல்மணியை எடுத்துப் பல்லால் கடித்துப் பார்த்து, “இன்னும் நறுக்கென்று உடையவில்லையப்பா, நாளைக்கும் வெயில் வேணும்” என்றார். என் பேச்சுக்கு அவர் சொன்ன பதில் அவ்வளவுதான். பிழைக்க வைக்கும் ஒன்றில் பொருள் இருக்கலாம், பிடிப்பு இருக்கலாம். அது எப்போதும் மகிழ்ச்சியையும் தர வேண்டும் என்று எதிர்பார்ப்பது, அதைச் செய்பவரின்மேல் இன்னொரு சுமையை ஏற்றுவதாகும். தன் வேலையிலேயே இன்பம் காணாதவர் ஏதோ குறையுள்ளவர் என்பதுபோல் இப்போது எங்கும் பேசப்படுகிறது. சித்தப்பாவுக்கு இன்பம் சாயங்காலம் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து போடும் வெற்றிலையில் இருந்தது. வயலில் அவருக்கு இருந்தது வேறொன்று, அதற்கு அவர் பெயர் வைத்ததில்லை.

நமக்குத் தகுதி வந்த பிறகுதான் பிடித்ததில் இறங்கலாம் என்று காத்திருப்பதும் வீண். திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையன்று பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பெரிய வித்வான்களோடு வரிசையாக உட்கார்ந்து மாணவர்களும் பாடுகிறார்கள். கரையோரம் நின்று கேட்பவர்களும் தங்களுக்குள் முணுமுணுக்கிறார்கள், அவர்களுடைய சுருதியை யாரும் சோதிப்பதில்லை. அதேபோல் அளவு தெரியாமல் அனுபவிப்பதும் தவறுதான். அதே ஊரின் அசோகா அல்வாவைப் பாசிப்பருப்பும் நெய்யுமாக மூன்று நாள் தொடர்ந்து சாப்பிட்டவருக்கு நான்காம் நாள் அது பெயர் மட்டுமே. காபியைப் படம் எடுத்து நான்கு பேருக்கு அனுப்பிவிட்டு ஆறிய பிறகு குடிப்பவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை. நுரை யாருக்காகவும் காத்திருக்காது என்பது அவர்களுக்கே தெரியும்.

எங்கள் வீட்டுப் பரணிலிருந்தும் போன வருடம் ஒரு வெள்ளி டம்ளர் இறங்கியது. அம்மா புளி போட்டுத் துலக்கி, முதல் டிகாக்ஷனில் காபி கலந்து அதில் ஊற்றிக் கொடுத்தார். வெள்ளி சூட்டை அப்படியே கடத்தும் என்பதைப் படித்திருந்தும் மறந்துவிட்டேன். விளிம்பு உதட்டைச் சுட்டது, டம்ளர் கைநழுவி முற்றத்தில் விழுந்து அடியில் ஒரு நெளிவு கண்டது. காபி மறுபடி பித்தளை டவராவுக்கே போய்விட்டது. அந்த டம்ளரில் இப்போது மத்தியானம் மோர் குடிக்கிறோம். நெளிந்த அடியினால் அது தரையில் சற்று ஆடிக்கொண்டுதான் நிற்கிறது.