மாசமாக இருப்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேச: நாலாம் மாதத்திலிருந்து ஏழாம் மாதம் வரை

மசக்கை தெளிந்திருக்கும். வயிறு இன்னும் கனக்கத் தொடங்கியிருக்காது. வாந்தி எடுத்தபோது ஓடி வந்தவர்கள் அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். பிரசவம் நெருங்கும்போது மறுபடி வருவார்கள். இடைப்பட்ட இந்த மாதங்களில் கர்ப்பிணியை யாரும் பெரிதாக விசாரிப்பதில்லை. அவளும் தண்ணீர் தூக்குகிறாள், நூறு நாள் வேலைக்குப் போகிறாள், மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புகிறாள். செக்கப் அன்றைக்கு நர்சம்மா எடை, பிரஷர், ரத்தம் பார்ப்பார். பின்னால் நீண்ட வரிசை நிற்கும். கேட்க நினைத்ததை விழுங்கிக்கொண்டு திரும்பி வந்துவிடுவாள். ஆனால் ரத்தசோகை, சர்க்கரை, பிரஷர் மூன்றும் சத்தமில்லாமல் தலைகாட்டுவது இந்த மாதங்களில்தான்.

நான் மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் அங்கன்வாடிப் பணியாளர். சத்துமாவு வாங்க வரும் கர்ப்பிணிகளை உடனே அனுப்பிவிடாமல் உட்கார வைத்துப் பேச விடுவேன். வீட்டில் சொல்லாததை, டாக்டரிடம் சொல்லாததை, அதே நிலையில் இருக்கும் இன்னொருத்தியிடம் சொல்லிவிடுகிறார்கள். இப்படி ஒரு கூட்டத்தை நடத்த அங்கன்வாடிக்காரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் தெருவில் மூன்று பேர் மாசமாக இருந்தால் போதும்.

முதலில் மாமியாரிடம் பேசுங்கள். இதைத் தாண்டிப் போக முடியாது. "கர்ப்பிணிகள் கூட்டம்" என்று சொன்னால், நம் வீட்டுக் கதையை ஊருக்குச் சொல்லப் போகிறாள் என்று பயப்படுவார்கள். நான் நேராக வீட்டுக்குப் போய், "அத்தை, வியாழக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் மருமகளை அனுப்பி வைங்க, மாவும் குடுத்து விடுறேன், நீங்களும் ஒருநாள் வந்து பாருங்க" என்பேன். கடைசிச் சொல் முக்கியம். மாதம் ஒருமுறை மாமியார்களையும் அம்மாச்சிகளையும் வரச் சொல்லுங்கள். மற்ற நாட்களில் அவர்கள் இல்லாமல் நடத்துங்கள்.

வியாழனுக்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குச் செவ்வாய்க்கிழமை பார்க்கிறார்கள். இரண்டு நாள் கழித்துக் கூடினால், அங்கே சொன்னது மறந்திருக்காது, புரியாததைக் கேட்கலாம். மூன்று மணி நல்ல நேரம்: சோறு ஆக்கி முடிந்திருக்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்க மாட்டார்கள். மூன்று பேரோடு தொடங்கினாலும், ஐந்து முதல் எட்டுப் பேர் வரை போதும். அதற்கு மேல் போனால் வாயாடிகள் மட்டுமே பேசுவார்கள். சமீபத்தில் பிள்ளை பெற்றவள் ஒருத்தியைக் கைக்குழந்தையோடு வரச் சொல்லுங்கள். தலைப்பிரசவக்காரிகளுக்கு அவள் முகத்தைப் பார்த்தாலே தெம்பு வரும். உட்கார முதுகுக்குச் சுவர் வேண்டும். கழிப்பறை பக்கத்தில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத இடத்தில் கூட்டம் போடாதீர்கள்.

"எப்படி இருக்க?" என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "நல்லா இருக்கேன்." அதனால் அப்படிக் கேட்காதீர்கள். "நேத்து ராத்திரி எத்தனை தடவை எந்திரிச்ச?" என்று கேளுங்கள். "நேத்து மத்தியானம் என்ன சாப்பிட்ட?" என்று கேளுங்கள். "மாத்திரை அட்டையைக் காட்டு, எத்தனை மிச்சம் இருக்கு?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பாதிப்பேர் தலையைக் குனிவார்கள். திட்டாதீர்கள். பேச்சே அங்கிருந்துதான் தொடங்கும்.

இரும்புச்சத்து மாத்திரை மூன்று மாதம் முடிந்ததும் தினம் ஒன்று, 180 நாளுக்கு. கூடவே கால்சியம் 500 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை. முழுங்காமல் விடுவதற்கு ஒவ்வொருத்தியும் ஒரு காரணம் வைத்திருப்பாள்: குமட்டுது, மலம் இறுகுது, கறுப்பாகப் போகுது. கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து மொத்தமாக நிறுத்தியவர்கள் உண்டு. அது இரும்பினால் வரும் நிறம், பயமில்லை என்று நான் சொல்வதைவிட, பக்கத்தில் இருப்பவள் "எனக்கும் அப்படித்தான் போச்சு" என்றால் நம்பிக்கை வந்துவிடும். குமட்டலுக்கு ராத்திரி படுக்கப் போகும் முன் போட்டுப் பார்க்கலாம். நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ கூடச் சேர்ந்தால் இரும்பு நன்றாக உடம்பில் ஒட்டும். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எதையும் அதோடு சேர்க்கக் கூடாது; இரண்டு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். எங்கள் ஊரில் நாலு மணி டீயை யாராலும் விட முடியாது. அதனால் மாத்திரையை ராத்திரிக்குத் தள்ளிவிட்டோம்.

இன்னொன்றை மெதுவாகக் கேட்க வேண்டும்: "பச்சரிசி திங்கணும்போல இருக்கா? விபூதி, சிலேட்டுக்குச்சி, மண்ணு?" முதலில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒருத்தி சிரித்துவிட்டு, அரிசிப் பானையில் கை விடுவதை ஒப்புக்கொள்வாள். உடனே இன்னும் இரண்டு பேர் சொல்வார்கள். வீட்டில் இதை மசக்கை ஆசை என்று விட்டுவிடுகிறார்கள். ரத்தத்தில் இரும்பு குறைந்திருப்பதற்கு இது ஓர் அடையாளமாக இருக்கலாம். அடுத்த செவ்வாய் நர்சம்மாவிடம் இதை அவள் சொல்லியாக வேண்டும். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டிய நிலை. மாத்திரை போதாதவர்களுக்கு நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றுவார்கள். "ரத்தம் ஏத்துறாங்களாம்" என்று அலறிக்கொண்டு ஓடி வந்த ஒரு தங்கச்சிக்கு, அதை ஏற்றிக்கொண்ட இன்னொருத்தி கையைப் பிடித்துக்கொண்டு விளக்கியதைப் பார்த்திருக்கிறேன். டாக்டர் சொல்லிப் புரியாதது அவள் சொல்லிப் புரிந்தது.

பூக்கட்டுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்வேன். மல்லிகை சீசனில் காலையிலிருந்து சம்மணம் போட்டே உட்கார்ந்திருப்பார்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து வாசல்வரை நடங்கள். காலைத் தொங்கவிட்டே நாள் முழுக்க இருக்க வேண்டாம். ராத்திரி கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால் பாதத்தை முழங்கால் பக்கம் வளைத்துப் பிடிக்க வேண்டும். இதை வாயால் சொல்லாமல், கூட்டத்திலேயே ஒருவருக்கு ஒருவர் செய்து பழகுங்கள்.

பிள்ளை அசைவு பற்றிய பேச்சில் கவனம் வேண்டும். இரண்டாவது பிள்ளைக்காரி நாலு மாதத்திலேயே துடிப்பு தெரிந்தது என்பாள். தலைப்பிள்ளைக்காரி அதைக் கேட்டு ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டாள். முதல் கர்ப்பத்தில் பெரும்பாலும் 18-லிருந்து 20 வாரத்தில்தான் தெரியும். நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் முன்பக்கம் ஒட்டியிருந்தால் இன்னும் தாமதமாகலாம். 24 வாரம் ஆகியும் ஒன்றும் தெரியாவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும். ஒருமுறை நன்றாகத் தெரியத் தொடங்கிய அசைவு குறைந்தாலோ நின்றாலோ அன்றைக்கே போக வேண்டும். சர்பத் குடித்துப் பார்க்கிறேன், வியாழக்கிழமை கேட்டுக்கொள்கிறேன் என்று காத்திருக்கக் கூடாது.

ஐந்தாம் மாத ஸ்கேன், அதாவது 18-லிருந்து 20 வாரத்துக்குள் எடுப்பது, பிள்ளையின் உறுப்புகளைப் பார்ப்பதற்கு. ஸ்கேன் தாளைக் கூட்டத்தில் கை மாற்றிப் பார்க்க ஆசைப்படுவார்கள். பார்க்கட்டும். ஆனால் எடையையும் நஞ்சுக்கொடி இருக்கும் இடத்தையும் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்ல விடாதீர்கள்.

எங்கள் கூட்டத்தில் நான் வளைந்து கொடுக்காத விதி ஒன்று உண்டு. வயிற்றைப் பார்த்து ஆணா பெண்ணா என்று யாரும் ஜோசியம் சொல்லக் கூடாது. வயிறு கூம்பியிருக்கு, முகம் பூசினாப்புல இருக்கு, புளிப்புக் கேட்குது, எந்தப் பேச்சும் வேண்டாம். கருவிலேயே ஆணா பெண்ணா என்று சோதித்துச் சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. மதுரைச் சீமைக்கு இந்த விஷயத்தில் வலி நிறைந்த பழைய கதை உண்டு. ஏற்கெனவே ஒரு பெண்பிள்ளை வைத்திருப்பவளிடம் விளையாட்டாக "இதுவும் பொண்ணுதான்" என்று சொன்ன வார்த்தை, அவள் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது விளையாட்டாக இருக்காது.

சர்க்கரைப் பரிசோதனைக்குத் தனியாகப் போகாதீர்கள். பதிவு செய்யும்போது ஒருமுறையும், 24-லிருந்து 28 வாரத்துக்குள் இன்னொரு முறையும் எடுப்பார்கள். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கத் தருவார்கள். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். சர்க்கரை அளவு 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்பதில்லை. சென்னை டாக்டர் வி. சேஷையா போன்றவர்கள் பாடுபட்டுக் கொண்டுவந்த எளிய முறை இது. சாப்பிட்டுவிட்டேன் என்று யாரையும் திருப்பி அனுப்ப வேண்டியிராத முறை. தூரத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவளுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! குடித்த அரைமணிக்குள் வாந்தி வந்துவிட்டால் இன்னொரு நாள் எடுக்க வேண்டும். இதற்குப் பயந்துதான் பலர் இரண்டாவது முறை போவதில்லை. நான்கு பேர் சேர்ந்து டவுன் பஸ்ஸில் போய், வேப்பமரத்தடியில் பேசிக்கொண்டு இருந்தால் அந்த இரண்டு மணி நேரம் ஓடிவிடும். சர்க்கரை இருப்பதாக வந்தவளை ஒதுக்காதீர்கள். அவளுக்கென்று தனியாகச் செய்யாமல், அந்த வாரத்திலிருந்து எல்லோருக்குமே தட்டைப்பயறுச் சுண்டலும் மோரும் வையுங்கள்.

சித்திரையில் ஒரு பேச்சு கட்டாயம் வரும்: அழகரைப் பார்க்கப் போகலாமா? அழகரை ஊர் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை நெரிசலிலும், ஆற்றில் இறங்கும் நேரத்துக் கூட்டத்திலும் போகவே வேண்டாம். வெயிலும் தள்ளுமுள்ளும் சேர்ந்தால் மயங்கி விழுவீர்கள். அழகர் மலைக்குத் திரும்பும்போது வழியில் சாமி நின்று போகும் மண்டகப்படிகளில் கூட்டம் குறைந்த ஒன்றில், நிழலில் நின்று பார்க்கலாம். தண்ணீர் பாட்டிலும் தாய்சேய் அட்டையும் கையில் இருக்கட்டும்.

மனசுப் பேச்சுக்கு நேரம் ஒதுக்குங்கள் என்று சொல்ல மாட்டேன். அது தானாக வரும், பெரும்பாலும் கிளம்பும் நேரத்தில். செருப்பை மாட்டிக்கொண்டே ஒருத்தி நிற்பாள், போக மாட்டாள். அவளோடு நீங்களும் நில்லுங்கள். புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்றால், "அனுசரிச்சுப் போ" என்று யாரும் சொல்லக் கூடாது. 181 பெண்களுக்கான உதவி எண். இரண்டு வாரத்துக்கும் மேல் அழுகையும் தூக்கமின்மையும் விடவில்லை என்றால் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடலாம். தமிழில் பேசுவார்கள், காசில்லை. முன்பு கரு கலைந்தவள், பிள்ளையைப் பறிகொடுத்தவள் இருந்தால், "இது நல்லபடியாப் பொறக்கும்" என்று முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். அவள் அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லட்டும். அங்கே பேசியது அந்தச் சுவரைத் தாண்டக் கூடாது. ஒருமுறை தாண்டினால் அடுத்த வாரம் யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள்.

எதைப் பேசித் தீர்க்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ரத்தம் படுதல், நீர் கசிதல், விடாத தலைவலி, கண் மங்குதல், முகமும் கையும் வீங்குதல், மேல்வயிற்று வலி, காய்ச்சல், வலிப்பு, பிரஷர் 140/90-ஐத் தொடுதல். இவற்றுக்கு யாரும் "எனக்கும் இருந்துச்சு, சரியாப் போச்சு" என்று சொல்லவே கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள். எங்கள் பக்கத்திலிருந்து மேலூர், இன்னும் தேவைப்பட்டால் மதுரை கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரி. ராத்திரியில் யார் வீட்டு வண்டி கிடைக்கும், யார் ஓட்டுவார் என்பதை இப்போதே பேசி வையுங்கள். ஒருத்தி மாத்திரையை இன்னொருத்திக்குக் கொடுப்பதும் கூடாது, இடுப்புவலி மாத்திரையாக இருந்தாலும்.

காசு விஷயம் சுருக்கமாக. கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் பிக்மி எண்ணை வாங்கினீர்களா என்று முதல் நாளே கேளுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும். அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய் வருகிறது. எந்தத் தவணை எந்த மாதம் என்று நர்சம்மாவிடம் கேட்டு அட்டையின் பின்னால் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

ஏழாம் மாதம் அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பு வரும்போது கூட்டத்தில் எல்லோரும் ஒரே நாளில் வளையல் போடலாம். பிள்ளை இல்லாத மதினியும், புருஷனை இழந்த அக்காவும் அங்கே இருப்பார்கள். அவர்களைக் கூப்பிட்டு வளையல் போடச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் முதலில் அப்பத்தாக்கள் முணுமுணுத்தார்கள். வயிற்றைச் சாய்த்துக்கொண்டு கையை நீட்டிய பிள்ளைதான் அந்த முணுமுணுப்பை நிறுத்தினாள்.

வளைகாப்பு முடிந்து சிவகங்கைக்கோ தேனிக்கோ அம்மா வீட்டுக்குக் கிளம்புகிறவளிடம், கிளம்பும் முன் நர்சம்மாவிடம் சொல்லிவிட்டாளா என்று கேளுங்கள். தாய்சேய் அட்டை, ஸ்கேன் தாள்கள், ரத்தப் பரிசோதனைத் தாள், ஆதார், பாஸ்புக் எல்லாம் ஒரே பையில் இருக்க வேண்டும்; பீரோவுக்குள் போகாமல் கையோடு போக வேண்டும். போகிற ஊர் சுகாதார நிலையத்தில் பிக்மி எண்ணைக் காட்டி முதல் வாரத்திலேயே அங்கேயும் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். வியாழக்கிழமை மூன்று மணிக்கு இங்கிருந்து யார் போன் போடுவது என்பதையும் அவள் பஸ் ஏறுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.