கப்பல் டூர்ல குரூப்பா போறீங்களா? நடுக்கடல்ல ஒருத்தர ஒருத்தர் எப்படி புடிக்கிறது

சிங்கப்பூர்ல இருந்து பினாங்கு, புக்கெட்னு கிளம்புற மூணு நாலு நாள் க்ரூஸ்ல இப்ப நம்ம ஆளுங்க குடும்பம் குடும்பமா போறாங்க. தாத்தா பாட்டில இருந்து கைக்குழந்தை வரைக்கும் பத்து பதினைஞ்சு பேர், நாலஞ்சு கேபின். டிக்கெட், விசா, எந்த நாள் என்ன டிரஸ்னு எல்லாத்தையும் மாசக்கணக்கா பேசி முடிவு பண்ணிடுவாங்க, ஆனா கப்பலுக்குள்ள எப்படி பேசிக்கப் போறோம்னு மட்டும் யாரும் யோசிக்க மாட்டாங்க. கரை மறைஞ்சதும் வாட்ஸ்அப்ல அனுப்புன மெசேஜ் பக்கத்துல அந்த குட்டி கடிகாரம் சுத்திக்கிட்டு நிக்கும் பாருங்க, அப்பதான் "அம்மா எங்க இருக்காங்க, பசங்கள யாரு பாத்துக்கறா"ன்னு ஆரம்பிக்கும்.

ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸ், ஆந்தம் ஆஃப் தி சீஸ் மாதிரி கப்பல்னா நீளமே கிட்டத்தட்ட 350 மீட்டர், நாலாயிரம் பேருக்கு மேல ஏறுவாங்க. ஆள தேடிக்கிட்டு முன்னாடிக்கும் பின்னாடிக்கும் மாடி மாடியா நடந்தா அன்னைக்கு சாயங்காலம் அதுலயே போயிடும்.

இதுல நான் எல்லாருக்கும் சொல்றது ஒன்னுதான்: போனே இல்லன்னு நெனச்சு முதல்ல ஒரு பிளான் போடுங்க, ஆப், வைஃபை எல்லாம் அதுக்கு மேல கூடுதலா வச்சுக்கலாம்.

ஸ்டெப் 1: புக்கிங் பண்ணும்போதே லிங்க் பண்ண சொல்லுங்க

நாலு கேபின்னா பெரும்பாலும் நாலு புக்கிங் நம்பர் வரும். ஏஜென்ட் கிட்டயோ கப்பல் கம்பெனி கிட்டயோ சொல்லி இந்த நம்பர் எல்லாத்தையும் ஒன்னா லிங்க் பண்ண சொல்லுங்க, டின்னர்ல எங்க எல்லாரையும் ஒரே டேபிள்ல போடுங்கன்னும் அப்பவே கேட்டுடுங்க. சாப்பாட்டுக்கு பொதுவா ரெண்டு விதம் இருக்கும், தினமும் ஒரே நேரம் ஒரே டேபிள்னு ஒன்னு, இஷ்டப்பட்ட நேரத்துக்கு போறதுன்னு ஒன்னு. குரூப்பா போறவங்க கண்ண மூடிக்கிட்டு முதல் வகைய எடுங்க. பகல் முழுக்க யாரு எங்க சுத்தினாலும் சரி, ராத்திரி அந்த டேபிளுக்கு எல்லாரும் வந்துதான் ஆகணும், நாளைக்கு என்ன பண்றோம்னு அங்கயே உக்காந்து பேசி முடிச்சுடலாம்.

கேபின் எல்லாம் ஒரே மாடியில பக்கம் பக்கமா கெடச்சா ரொம்ப நல்லது. முக்கியமா வயசானவங்க கேபினுக்கு பக்கத்து கேபின்ல நம்ம ஆளு ஒருத்தர் இருக்கணும்.

ஸ்டெப் 2: கரையில இருக்கும்போதே ஆப்ப இறக்குங்க

ராயல் கரீபியன், டிஸ்னி, பிரின்சஸ், எம்எஸ்சி, கார்னிவல்னு பெரிய கம்பெனி எல்லாத்துக்கும் சொந்த ஆப் இருக்கு, பெரும்பாலும் அதுலயே சாட்டும் இருக்கும். இது எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்கிட்டா பாதி குழப்பம் தீந்துடும். வாட்ஸ்அப்ல நீங்க பக்கத்து கேபினுக்கு "சாப்பிட வாங்க"ன்னு அனுப்பினாலும் அது கப்பல்ல இருந்து சாட்டிலைட்டுக்கு போய், தரையில இருக்கற சர்வருக்கு போய், திரும்ப அதே வழியா வரணும், அதனால காசு கட்டி வாங்கின இன்டர்நெட் இல்லாம அது நகராது. கப்பல் ஆப்போட சாட் அப்படி இல்ல, கப்பலுக்குள்ள இருக்கற நெட்வொர்க்லயே சுத்தி வந்துடும், அதனால இன்டர்நெட் பேக்கேஜ் வாங்காமலே கப்பல் வைஃபைல கனெக்ட் பண்ணா போதும். டிஸ்னில இந்த சாட் இலவசம், சில கம்பெனில ஒரு சின்ன தொகை கேக்கறாங்க. உங்க கப்பல்ல எப்படின்னு கிளம்புறதுக்கு முன்னாடியே ஆப்ல பாத்துக்கோங்க.

ஆப்ப டவுன்லோட் பண்றது, லாகின் பண்றது, புக்கிங்க சேக்கறது எல்லாம் வீட்லயே முடியணும். கப்பல்ல ஏறினப்புறம் ஆப் ஸ்டோர் திறக்கணும்னா இன்டர்நெட் வேணும், அது இல்லாமதானே இந்த ஆப்பே வேணும்ங்கறோம். அம்மா அப்பா போன்லயும் நீங்களே போட்டு குடுங்க, பாஸ்வேர்ட எழுதி வச்சுக்கோங்க.

பிரின்சஸ் கப்பல்ல போறீங்கன்னா இன்னொரு வசதி, மெடாலியன்னு காசு சைஸ்ல ஒன்னு குடுப்பாங்க, கழுத்துலயோ கையிலயோ மாட்டிக்கலாம், உங்க குரூப் ஆளு எந்த மாடியில எந்தப் பக்கம் இருக்காங்கன்னு ஆப்லயே காட்டும். சின்னப் பசங்க இருக்கற குடும்பத்துக்கு இது எவ்வளவு நிம்மதின்னு சொல்லி முடியாது.

ஸ்டெப் 3: கப்பல்ல கால் வச்சதும் போன் செட்டிங்

இத ஒவ்வொருத்தர் போனா வாங்கி நீங்களே பண்ணிடுங்க, சொன்னா யாரும் பண்ண மாட்டாங்க.

ஏர்பிளேன் மோட் ஆன். அதுக்கப்புறம் வைஃபைய மட்டும் தனியா ஆன் பண்ணுங்க. இது ஏன்னா, கரைய விட்டு தள்ளிப் போனதும் கப்பலோட சொந்த செல் டவர் உயிர் பெறும், போனும் தானாவே அதுல ஒட்டிக்கும். நீங்க போட்டு வச்ச சாதாரண இன்டர்நேஷனல் ரோமிங் பேக் பெரும்பாலும் இதுக்கு செல்லாது, கடல்ல தனி ரேட், அதுவும் பயங்கரமான ரேட். ஊர்ல இருந்து மாமா ஒருத்தர் நலம் விசாரிக்க கூப்பிட்டு நீங்க எடுத்தாக்கூட காசு போகும். டேட்டாவ ஆஃப் பண்ணிட்டேன் போதும்னு விட்டா கால், எஸ்எம்எஸ்க்கு எல்லாம் போன் திறந்தேதான் இருக்கும், அதனால ஏர்பிளேன் மோட்தான் சரியான வழி.

அடுத்தது, கப்பல் வைஃபைல கனெக்ட் பண்ணதும் "இதுல இன்டர்நெட் இல்லை"ன்னு போன் புலம்பும், சில போன் தானாவே வைஃபைய கழட்டி விட்டுடும். அப்படி கேட்டா "பரவால்ல, இதுலயே இரு"ங்கற ஆப்ஷன அமுக்குங்க. விபிஎன் ஏதாவது ஓடுதுன்னா ஆஃப் பண்ணுங்க, ஆப் வேலை செய்யாம இருக்கறதுக்கு பாதி நேரம் அதுதான் காரணம்.

இன்னும் ஒன்னு இருக்கு, இது நிறைய பேருக்கு தெரியாது. சாதாரணமா போன்ல "டிங்"னு வர்ற நோட்டிபிகேஷன் ஆப்பிள், கூகுள் சர்வர் வழியாதான் வரும். இன்டர்நெட் பேக்கேஜ் இல்லாத போன்ல ஆப் மூடி இருந்தா, மெசேஜ் வந்ததே பல நேரம் தெரியாது, ஆப்ப திறந்து பாத்தாதான் வந்து விழும். அதனால குரூப்ல ஒரு பழக்கம் வச்சுக்கோங்க: சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடி, அப்புறம் ஒவ்வொரு ஷோ முடிஞ்சதும், எல்லாரும் ஆப்ப ஒரு தடவ திறந்து பாக்கணும். மெசேஜ் போடும்போதும் "எங்க இருக்கீங்க?"ன்னு போடாதீங்க, அத ஒரு மணி நேரம் கழிச்சு படிச்சா ஒரு பிரயோஜனமும் இல்ல. "4.30 வரைக்கும் 14ஆம் மாடி பஃபேல இருக்கோம், அப்புறம் கேபின், 7 மணிக்கு டின்னர்"னு போடுங்க. எப்ப படிச்சாலும் அடுத்து எங்க போகணும்னு புரியும்.

இன்டர்நெட் பேக்கேஜ் எல்லாருக்கும் வேணுமான்னா, வேணாம். ராயல் கரீபியன் 2022ல இருந்து ஸ்டார்லிங்க்ங்கற சாட்டிலைட் இன்டர்நெட் போட ஆரம்பிச்சாங்க, மத்த கம்பெனியும் வரிசையா போட்டாங்க, வேகம் இப்ப நல்லாவே இருக்கு, ஆனா பேக்கேஜ் டிவைஸ் கணக்குக்குதான் விக்கறாங்க. குரூப்புக்கு ஒரு ஆள் ரெண்டு ஆள் வாங்கினா போதும், ஊர்ல இருக்கறவங்களுக்கு தகவல் சொல்ல அது ஆகும். முன்னாடியே ஆன்லைன்ல வாங்கினா கப்பல்ல வாங்கறத விட பொதுவா கம்மியா வரும்.

ஸ்டெப் 4: போன் வேணாத ஏற்பாடு (இதுதான் உயிர்)

கேபின் போன். ஒவ்வொரு கேபின்லயும் ஒரு சாதா டெலிபோன் இருக்கும், கேபின்ல இருந்து கேபினுக்கு இலவசமா பேசலாம், பெரும்பாலும் கேபின் நம்பர அப்படியே அமுக்கினா போதும். பாட்டிக்கு ஸ்மார்ட்போன் வரலன்னா கவலையே வேணாம், இத ஒரு தடவ முன்னாடி நின்னு அடிச்சு காட்டுங்க. தாத்தாவ உங்க கேபினுக்கு ஒரு தடவ பேச வைங்க, அவருக்கே தைரியம் வந்துடும்.

கதவுல ஒரு போர்டு. கப்பல் கேபின் கதவும் சுவரும் பெரும்பாலும் இரும்புத் தகடு, காந்தம் நல்லா ஒட்டும். பின்னாடி காந்தம் வச்ச குட்டி வெள்ளை போர்டு ஒன்னு, ஒரு மார்க்கர், ரெண்டையும் பெட்டியில போட்டுக்கோங்க, நாலஞ்சு காந்தமும் எடுத்துக்கோங்க. குரூப்புக்கு பொதுவா ஒரு கேபின முடிவு பண்ணி அந்தக் கதவுல மாட்டுங்க, வெளிய போறவங்க நேரத்த எழுதிட்டு போகணும். ஆனா ஒன்னு, "எல்லாரும் வெளிய போயிட்டோம், ராத்திரிதான் வருவோம்"னு எல்லாம் அதுல எழுதாதீங்க, அந்த வழியா எல்லாரும்தான் நடக்கறாங்க. "ரவி 5 நீச்சல், ப்ரியா 6 ஷோ"ன்னு உங்களுக்கு மட்டும் புரியற மாதிரி சுருக்கமா எழுதினா போதும்.

பெரியவங்க பையில ஒரு சீட்டு. நல்லா பெரிய எழுத்துல, தமிழ்லயும் இங்கிலீஷ்லயும், இப்படி எழுதுங்க:

என் கேபின் 8520, 8ஆம் மாடி
மகன் கேபின் 8524
தினமும் மதியம் 1 மணி: 14ஆம் மாடி பஃபே வாசல்
ராத்திரி 7 மணி: டின்னர் டேபிள்
வழி தெரியலன்னா: எந்த ஊழியர் கிட்டயும் இந்த சீட்ட காட்டணும்

நம்பரோட ஆரம்பம்தான் மாடி, இத சொல்லிக் குடுத்தா 8520ன்னா 8ஆம் மாடி, 10240ன்னா 10ஆம் மாடின்னு புடிச்சுக்குவாங்க. நிறைய கப்பல்ல ஒரு பக்கம் ஒத்தைப்படை நம்பர், இன்னொரு பக்கம் இரட்டைப்படை, அதனால லிஃப்ட்ட விட்டு வெளிய வந்ததும் எந்தப் பக்கம் திரும்பணும்னு தெரிஞ்சுடும். ஆனா இந்த சீட்டும் கேபின் சாவி கார்டும் ஒரே பையில இருக்கவே கூடாது. கார்டுல கேபின் நம்பர் போடாம விடறதே, தொலைஞ்சா எடுத்தவன் கதவ திறந்துடக்கூடாதுன்னுதான்.

சந்திக்கற இடம் முடிவு பண்ணும்போது "லிஃப்ட் பக்கத்துல"ன்னு சொல்லாதீங்க. முன்பக்கம் ஒரு லிஃப்ட் கூட்டம், பின்பக்கம் ஒரு லிஃப்ட் கூட்டம் இருக்கும், ஆளுக்கு ஒரு பக்கம் நிப்பாங்க. "கெஸ்ட் சர்வீஸ் கவுன்டர் முன்னாடி"ன்னு சொல்லுங்க, அது ஒன்னுதான் இருக்கும்.

வாக்கி டாக்கி பத்தி நிறைய பேர் கேக்கறாங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. மாடிக்கு மாடி இரும்பு, சிக்னல் தாண்டாது, நாட்டுக்கு நாடு லைசென்ஸ் விதி வேற, பக்கத்துல தூங்கறவங்களுக்கும் தொந்தரவு.

ஸ்டெப் 5: பசங்க கிளப், மஸ்டர்

கிட்ஸ் கிளப்ல குழந்தைய விடும்போது, அழுதா இல்ல ஏதாவது ஒன்னுன்னா எங்கள எப்படி கூப்பிடுவீங்கன்னு நேரா கேட்டுடுங்க, கேபின் போனா, ஆப்பானு தெரிஞ்சாதான் நீங்க அதுக்கு தயாரா இருக்க முடியும்.

மஸ்டர்னா ஆபத்து வந்தா எல்லாரும் எங்க கூடணும்னு சொல்லித் தர்ற பயிற்சி, இது ரொம்ப முக்கியம். 2012ல கோஸ்டா கான்கார்டியாங்கற கப்பல் இத்தாலி பக்கத்துல பாறையில மோதினப்ப, அன்னைக்குதான் ஏறின நிறைய பேருக்கு மஸ்டர் பயிற்சியே நடந்திருக்கல. அதுக்கப்புறம் விதிய இறுக்கினாங்க, கப்பல் கிளம்பறதுக்கு முன்னாடியோ கிளம்பின உடனேயோ பயிற்சி முடிஞ்சாகணும். நீங்க போய் கூடவேண்டிய இடம், அதாவது மஸ்டர் ஸ்டேஷன், அதோட பேர் கேபின் கார்டுல இருக்கும். ஒரே குடும்பமா இருந்தாலும் கேபின் வேறன்னா ஸ்டேஷனும் வேறயா இருக்கலாம், அதனால எல்லார் கார்டையும் ஒரு தடவ வாங்கிப் பாத்து எழுதி வைங்க. ஏழு சின்ன ஊதல், அதுக்கப்புறம் ஒரு நீள ஊதல் கேட்டா, ஒருத்தர ஒருத்தர் தேடிக்கிட்டு ஓடக்கூடாது, அவங்கவங்க ஸ்டேஷனுக்கு போகணும். கிளப்ல இருக்கற குழந்தைய எங்க கொண்டு வந்து சேப்பாங்கன்னு அங்க இருக்கறவங்க கிட்டயே கேட்டுக்கோங்க, பெரியவங்களுக்கும் இத முன்னாடியே பொறுமையா சொல்லி வைங்க.

ஸ்டெப் 6: ஊர்ல இறங்கும்போது

இங்கதான் விஷயமே நேரத்துல இருக்கு. சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே நேரம், தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னாடி. புக்கெட்ல இறங்கி ஏர்பிளேன் மோட எடுத்ததும் போன் தானா தாய்லாந்து நேரத்துக்கு மாறிடும், ஆனா கப்பல் சிங்கப்பூர் நேரத்துலயே ஓடிக்கிட்டு இருக்கலாம். போன்ல 4 மணின்னு பாத்துட்டு நிதானமா இளநீர் குடிச்சுக்கிட்டு நிப்பீங்க, கப்பல்ல அப்ப 5 மணி. அதனால இறங்கறதுக்கு முன்னாடி இன்னைக்கு கப்பல் நேரம் என்ன, கடைசியா எப்ப ஏறணும்னு அன்னைக்கு நிகழ்ச்சித் தாள்லயோ ஆப்லயோ பாருங்க, குரூப்ல ஒருத்தர் சாதா கைக்கடிகாரத்த கப்பல் நேரத்துக்கு வச்சு கட்டிக்கட்டும். படோங் பீச் பக்கம் கப்பல் நங்கூரம் போட்டு சின்ன படகுலதான் கரைக்கு கொண்டு விடுவாங்கன்னா, கடைசி படகு எத்தன மணிக்குன்னு அதையும் சேத்து குறிச்சுக்கோங்க, அந்த வரிசையே நீளமா இருக்கும்.

பினாங்குல வசதி, ஸ்வெட்டன்ஹாம் பையர்ல இறங்கி நடந்தாலே ஜார்ஜ் டவுன். பிரிஞ்சு போறவங்களுக்கு சந்திக்கற இடமா விக்டோரியா மகாராணி மணிக்கூண்ட வைங்க, துறைமுகத்துக்கு பக்கத்துலயே இருக்கு, 60 அடி உயரம், யார கேட்டாலும் சொல்லுவாங்க. லிட்டில் இந்தியாவுக்கு சாப்பிட போறவங்க, குவீன் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயிலுக்கு போறவங்கன்னு எப்படி பிரிஞ்சாலும், கடைசியா ஏறவேண்டிய நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி மணிக்கூண்டு கீழ எல்லாரும் வந்துடணும்.

நிகழ்ச்சித் தாள்ல துறைமுக ஏஜென்ட், அதாவது அந்த ஊர்ல கப்பல் கம்பெனிக்காக வேலை பாக்கறவர், அவரோட போன் நம்பர் இருக்கும், அத எல்லாரும் போட்டோ எடுத்துக்கோங்க. யாராவது பின்தங்கிட்டா கூப்பிட வேண்டியது அந்த நம்பருக்குதான். கப்பல் கம்பெனியே நடத்தற டூர் லேட்டானா பொதுவா பாத்துக்குவாங்க, சொந்தமா சுத்தப் போனவங்களுக்காக கப்பல் காத்திருக்காது.

ஸ்டெப் 7: கடைசி ராத்திரி

இறங்கற நேரம் கேபினுக்கு கேபின் மாறி வரலாம், பெட்டியில கட்டற டேக்க பாத்தா தெரியும். அதையும் கடைசி டின்னர்லயே ஒப்பிட்டுப் பாத்துக்கோங்க. கப்பல் வைஃபைய விட்டு வெளிய வந்ததும் ஆப் சாட் நின்னுடும், அதுல இருக்கற அட்ரஸ், முக்கியமான தகவல் எதையாவது எடுக்கணும்னா ராத்திரியே எடுத்து வைங்க. காலையில சிங்கப்பூர்ல கப்பல் வந்து நிக்கற மரீனா பே க்ரூஸ் சென்டர்ல பெட்டி எடுக்கற ஹால்ல கூட்டம் நெரியும், அங்க யாரும் யாருக்காகவும் நிக்க வேணாம், பெட்டிய எடுத்துக்கிட்டு நேரா வெளிய வந்து மரீனா சவுத் பையர் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) ஸ்டேஷன் வாசல்ல நில்லுங்க, ஏர்பிளேன் மோட எடுத்துட்டு "வந்துட்டோம்"னு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போட்டுடுங்க.