பள்ளி மீட்டரை இரண்டு வேளை படியுங்கள்
ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு எங்கள் பள்ளி கரண்ட் மீட்டரில் ஓடும் எண்ணைக் குறித்து வருகிறேன். காலை 9 மணிக்கு ஒரு முறை, மாலை 4.30க்குப் பூட்டும்போது ஒரு முறை.

டிஜிட்டல் மீட்டரில் தேதி, நேரம், வோல்டேஜ் என்று எண்கள் மாறி மாறி ஓடும். அவசரப்படாதீர்கள். ஓரத்தில் 'கேடபிள்யூஎச்' என்று வரும்போது தெரிவதுதான் யூனிட். 'கேவிஏஎச்' என்றும் ஒன்று வரும், அது வேறு அளவு, நமக்கு வேண்டாம். முதல் வாரம் எங்கள் பிள்ளைகள் அதைத்தான் எழுதி வைத்தார்கள். பிள்ளைகள் கண்ணாடி வழியாகப் படித்தால் போதும், பெட்டியைத் தொடக் கூடாது.

மாலை எண்ணில் காலை எண்ணைக் கழித்தால் பகல் செலவு. அப்புறம் மறுநாள் காலை எண்ணில் முந்தைய மாலை எண்ணைக் கழியுங்கள், அது இரவுச் செலவு. என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். பூட்டிய பள்ளியில் கரண்ட் எங்கே போகிறது?

எங்களுக்கு இரவில் வழக்கமாக 4 யூனிட். ஒரு செவ்வாய்க்கிழமை 22 வந்தது. மொட்டை மாடிக்கு ஓடினோம். தொட்டி வழிந்து சுவரெல்லாம் ஈரம், தண்ணீர் மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நோட்டில் அந்த 22-ஐச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் 'மோட்டார்' என்று எழுதினாள் ஒரு சிறுமி. நீங்களும் காரணத்தை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.