தெக்கு பிரான்ஸ் ஒயின ருசி பாக்க பன்னீர் திராட்சையில இருந்து ஆரம்பிங்க

பாட்டில தொறக்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. காரைக்குடி மார்க்கெட்டுக்குப் போயி அரை கிலோ பன்னீர் திராட்சை வாங்கிட்டு வாங்க, கம்பம் பக்கத்துல இருந்து வருதே, கொட்டை உள்ள கறுப்புத் திராட்சை, அதான் வேணும், கொட்டையில்லாத நீளத் திராட்சை இதுக்கு ஆகாது. கழுவிட்டு ஒரு பழத்த ரெண்டு விரலால அமுக்கினா சதை வழுக்கிட்டு வெளிய வந்துரும், தோல் கையில நிக்கும். சதைய மட்டும் முதல்ல வாயில போடுங்க, இனிப்பு, பின்னாடியே லேசா புளிப்பு. அடுத்து தோல மட்டும் மெல்லுங்க, கல்யாண வீட்டு வாசல்ல பன்னீர் தெளிப்பாங்களே, அந்த வாசனை பெரும்பாலும் தோல்லதான் இருக்கு. கடைசியா கொட்டையக் கடிச்சு நாலு மெல்லு மெல்லுங்க, நாக்கு இழுத்துப் பிடிக்கும், ஈறு காஞ்ச மாதிரி ஆயிரும். அதான் துவர்ப்பு. ஒயின்காரங்க டானின் டானின்னு சொல்றது இதத்தான்.

இத ஏன் முதல்ல செய்யச் சொல்றேன்னா, ஒயின் பத்திப் பேசணும்னாலே பிளாக்பெர்ரி, செடார் மரம்னு நாம கண்ணால கூட பாக்காத சாமான் பேரா சொல்லி நம்ம ஆளுங்கள மிரட்டி வெச்சிருக்காங்க. அதெல்லாம் வேணாங்க. அறுசுவைல துவர்ப்புக்குத் தனிப் பேர் வெச்ச நாக்கு நம்ம நாக்கு. நம்ம பெரிய வீடுகள்ல சுவத்துக்குப் பூசுன சுண்ணாம்புல கடுக்காய் ஊறவெச்ச தண்ணி சேத்திருப்பாங்க, அந்தக் கடுக்காய் நாக்குல பட்டா என்ன பண்ணுமோ அதேதான் இளசான சிவப்பு ஒயினும் பண்ணும். சுவர் வழவழன்னு வர்றதுக்கு முட்டை வெள்ளக்கரு போடுவாங்க இல்லையா, பிரான்ஸ்லயும் துவர்ப்பு தூக்கலா இருக்குற சிவப்பு ஒயினுக்கு பீப்பாயில வெள்ளக்கருவக் கலக்கி விடுற வழக்கம் உண்டு, அது டானினப் பிடிச்சு இழுத்துக்கிட்டு அடியில போயி படிஞ்சிரும், மேல தெளிஞ்சத மட்டும் எடுத்துக்குவாங்க. எனக்கு இது தெரிஞ்ச அன்னைக்கு எங்க வீட்டு முகப்புச் சுவத்த ரொம்ப நேரம் தடவிப் பாத்துட்டு இருந்தேன்.

சரி, இப்ப திராட்சைங்க. தெக்கு பிரான்ஸ்ல பெரும்பாலும் ஒரே ரகத்த வெச்சு ஒயின் பண்றதில்ல, கலவைதான், நம்ம கறிமசாலா மாதிரி ஒண்ணு காரத்துக்கு ஒண்ணு வாசத்துக்கு. இதுக்கு நல்ல உதாரணம் ஷாத்தோநெஃப் து பாப் ஒயின் பகுதியில இருக்குற ஷாத்தோ த போகாஸ்டெல். 1909ல பியேர் திராமியேன்னு ஒருத்தர் வாங்கின தோட்டம், அவர்கிட்ட இருந்து மருமகன் பெராங் கைக்கு வந்து இன்னைக்கு வரைக்கும் பெராங் குடும்பம்தான் நடத்துது. அந்தப் பகுதிச் சட்டப்படி 13 ரகம் போடலாம், நிறத்தையும் தனித்தனியா பிரிச்சு எண்ணினா 18, முக்காவாசி பேர் கிரெனாஷ்ங்கிற ரகத்தையே அதிகமா போட்டு ஒப்பேத்திருவாங்க, போகாஸ்டெல்காரங்க 13ஐயும் வளக்குறாங்க. ஒவ்வொரு ரகத்தையும் தனியா பறிச்சு, தனியா நொதிக்கவிட்டு, அப்புறம்தான் கலப்பாங்க.

எல்லா ரகத்தையும் மனப்பாடம் பண்ண வேணாம், நாலு போதும். கிரெனாஷ்: சர்க்கரை ஜாஸ்தி ஏறுற பழம், அதனால ஆல்கஹாலும் ஏறும், 14, 15 சதவீதம் சாதாரணம், நிறம் மட்டும் அவ்வளவு அடர்த்தியா இருக்காது, வாயில உருண்டையா இனிப்புச் சாயலோட வரும். சிரா: இது நம்ம ஆளு. மிளகுல இருக்குற ரோட்டண்டோன்ங்கிற அதே வாசனைப் பொருள் சிரா திராட்சைத் தோல்லயும் இருக்குன்னு ஆஸ்திரேலியா ஆராய்ச்சிக்காரங்க 2008ல கண்டுபிடிச்சாங்க, அதனால சிரா ஒயின்ல மிளகு வாசம்னு சொல்றது சும்மா வர்ணனை இல்ல, நெசமாவே மிளகு வாசம். கொஞ்ச பேருக்கு மட்டும் அந்த வாசம் மூக்குல ஏறாது, அது பிறவி, உங்களுக்குத் தெரியலன்னா விட்டுருங்க. அடுத்தது சான்சோ, லேசான பழம், ரோஸ் ஒயினுக்கு, அதாவது இளஞ்சிவப்பு ஒயினுக்கு, நிறைய போவும்.

நாலாவது மூர்வேத், எனக்கு ரொம்பப் பிடிச்சது. தலை வெயில்ல இருக்கணும் கால் தண்ணில இருக்கணும்னு இந்தச் செடிக்கு அங்க ஒரு பழமொழியே உண்டு, ரொம்ப லேட்டாத்தான் பழுக்கும். போகாஸ்டெல் சிவப்புல சுமாரா மூணுல ஒரு பங்கு இதான். கடலோரத்து பாண்டோல்ல சிவப்புன்னு பேர் போடணும்னா பாதிக்காவது மூர்வேத் இருக்கணும், மரப்பீப்பாயில 18 மாசம் கிடக்கணும். வாசனை எப்படின்னு கேட்டா, சூடான நல்லெண்ணெயில கல்பாசி போட்ட முதல் நிமிஷத்துல வருமே, மண்ணும் கறியும் கலந்த ஒரு வாசம், கிட்டத்தட்ட அது. மூர்வேத் கிளாஸ மோந்துட்டு அடுப்படிக்குப் போயி கல்பாசி டப்பாவத் தொறந்து மோந்து பாருங்க.

எங்க அம்மான் மகன் தெக்கு பிரான்ஸ்ல மோன்பெலியேங்கிற ஊர்ல வேலை பாக்குறான், அவன்கூட ஒரு செப்டம்பர்ல அந்தப் பக்கம் போனேன். திராட்சைத் தோட்டத்துல மண்ணே தெரியாது, தேங்கா சைஸுக்கு உருண்டக் கல்லா கிடக்கும், பகல் பூரா சூட்ட வாங்கி வெச்சுக்கும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல ஒரு கல்லு மேல கை வெச்சேன், மொட்டை மாடியில காயப்போட்ட வத்தல அள்ளப் போறப்ப தளம் காலச் சுடுமே, அந்தச் சூடு. செடிங்க நிறைய இடுப்பு உசரம்தான், பந்தல் கிடையாது, மிஸ்ட்ரால்னு வடக்கேருந்து ஒரு காத்து அடிக்கும் பாருங்க, உசரமா விட்டா முறிச்சுப் போட்டுரும்.

லேபிள் படிக்கிறது சுலபம். ஊர்ப் பேர் பெருசா இருக்கும், திராட்சைப் பேர் பெரும்பாலும் இருக்காது, அதனால ஊரத் தெரிஞ்சா ரகம் தெரிஞ்ச மாதிரி. 'மிஸ் ஆன் பூத்தேய் ஓ தொமேன்'னு இருந்தா தோட்டத்துலயே பாட்டில் பண்ணதுன்னு அர்த்தம், இத கட்டாயம் பாருங்க. ஏ.ஓ.சி., ஐ.ஜி.பி.ன்னு இருக்குறது எந்த ஊர் ஒயின்னு காட்டுற ரெண்டு முத்திரை, ஏ.ஓ.சி.ன்னா விதி கடுமை, ஐ.ஜி.பி.ன்னா விதி தளர்வு, ஆனா ஐ.ஜி.பி. எல்லாம் மட்டம்னு நினைச்சுராதீங்க. அனியான் ஊர்ல மாஸ் த தோமாஸ் கசாக்னு ஒரு தோட்டம், எமே கிபேர்னு ஒருத்தர் உண்டாக்கினது, அந்த ஊர் விதிக்கு ஒத்து வராத காபர்னே சோவின்யோன்ங்கிற ரகத்த நட்டு 1978ல முதல் சிவப்பு ஒயின் எடுத்தாரு. ஏ.ஓ.சி. போட முடியாம வெறும் நாட்டு ஒயின்னு (இப்ப ஐ.ஜி.பி.ன்னு சொல்றது) லேபிள் ஒட்டியே உலகம் பூரா பேர் வாங்கிட்டாங்க.

இப்ப நம்ம ஊர்ல எல்லாரும் கோட்டை விடுற இடம், சூடு. சிவப்பு ஒயின அறை வெப்பத்துல குடிக்கணும்னு எழுதியிருப்பான், அவன் அறை 17 டிகிரி, நம்ம அறை சித்திரையில 36. சூடான சிவப்பு ஒயின் ஸ்பிரிட் மாதிரி மூக்குல அடிக்கும், நல்ல பாட்டில் வீணாப் போயிரும். ஒன்றரை, ரெண்டு மணி நேரம் ஃபிரிட்ஜ்ல வெச்சு எடுங்க, பாட்டில் தொட்டா பானைத் தண்ணிய விட ஜில்லுன்னு இருக்கணும். வெள்ளையும் ரோஸும் நல்லா ஜில்லுன்னே. நாள்பட வைக்கணும்னா வெளிச்சம் படாத உள்கட்டு ரூம்ல படுக்க வைங்க, மாடியில வேணாம்.

சாப்பாடு. முதல் தடவை வரமிளகா கிள்ளிப் போட்ட கோழி வறுவலோட 14.5 சதவீதம் உள்ள இளசான சிவப்பக் குடுத்துட்டேன், வந்தவங்க வாய் எரிஞ்சு தண்ணி தண்ணின்னு கேட்டாங்க, எனக்கு ரொம்பச் சங்கடமாப் போச்சு. மிளகா எரிச்சல ஆல்கஹால் ஏத்தி விடும், துவர்ப்பும் சேந்தா இன்னும் மோசம். அதனால வரமிளகா தூக்கலா இருந்தா சான்சோ, கிரெனாஷ் போட்ட ரோஸ் நல்லா ஜில்லுன்னு குடுங்க, கோலா உருண்டைக்கும் அதே. மிளகு போட்ட மட்டன் சுக்காவுக்கு சிரா. நல்லா வெந்து கொழுப்பு எறங்கின ஆட்டுக்கறிக் குழம்புக்கு ஏழெட்டு வருஷம் ஆன பாண்டோல் இருந்தா அதுக்கு மேல ஒண்ணும் கேக்காதீங்க, கொழுப்பும் புரதமும் துவர்ப்ப அடக்கிரும். தொண்டியில இருந்து வர்ற இறால், மீனு வறுத்தா பிக்பூல் த பினே, தோங்கிற ஏரிக்கரையில விளையிற வெள்ளை ஒயின், அங்க சிப்பியோட குடிக்கிறது, புளிப்பு நல்லா தூக்கலா இருக்கும், எலுமிச்சம்பழம் பிழிஞ்ச மாதிரி. சாம்பார் சாதத்தோட எதுவும் ஒத்து வரல, நானும் நிறைய தடவ முயற்சி பண்ணிட்டேன்.

இனிப்புக்கு வர்றப்பதான் அந்தப் பன்னீர் திராட்சை திரும்ப வருது. 2023ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம கம்பம் பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் ரகம், அதப் பெத்த ரெண்டு ரகத்துல ஒண்ணு மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா. ஸ்பெயின் எல்லை ஓரமா ரூசியோன்ல மஸ்கா த ரிவ்சால்ட்னு ஒரு இனிப்பு ஒயின் பண்றாங்க, அந்த அலெக்சாண்ட்ரியாவையும் சின்ன மணி மஸ்கட்டையும் வெச்சு. நொதிச்சுக்கிட்டு இருக்குறப்பவே பாதியில ஆல்கஹால ஊத்தி நிறுத்திருவாங்க, அதனால பழத்துச் சர்க்கரை அப்படியே தங்கிரும். இத சின்ன கிளாஸ்ல, ஜில்லுன்னு, பால் பணியாரத்தோட வைங்க. ஒயினே பிடிக்காதவங்க கூட மோந்து பாத்துட்டு "ஆச்சி, இது பன்னீர் திராட்சைதான?"ன்னு என்னைக் கேட்டிருக்காங்க. கருப்பட்டி போட்ட கும்மாயத்துக்கு மட்டும் இத விட மோரி நல்லா இருக்கும், அது கிரெனாஷ்ல இதே முறையில பண்ற சிவப்பு இனிப்பு, கருப்பட்டிக் கசப்புக்கு ஈடு குடுக்கும்.

மிச்சம் இருந்தா மூடி ஃபிரிட்ஜ்லயே வைங்க, சாதா ஒயின் ரெண்டு மூணு நாள், இனிப்பு ஒயின் ரெண்டு வாரம் கூடத் தாங்கும். மூர்வேத் மட்டும் வேணும்னே கால் பாட்டில் மிச்சம் வைங்க. முதல் நாள் இறுக்கமா முறைச்சுக்கிட்டு இருந்தது மறுநாள் ராத்திரி அந்தக் கல்பாசி வாசத்தோட தொறந்துக்கும், அப்ப ரெண்டு வாய் குடிச்சுப் பாத்துட்டு முதல் நாள் இருந்த துவர்ப்பு எங்க போச்சுன்னு நாக்குல தேடிப் பாருங்க.