எண் வந்தால் போதாது: கோர்டெம்ப் டிரைவரைச் சோதிக்கும் விதம்

கோர்டெம்ப் என்பது இன்டெல் செயலியின் ஒவ்வொரு கோரின் (உட்கருவின்) வெப்பநிலையையும் லினக்ஸில் ஒரு கோப்பாகக் காட்டும் டிரைவர். எண் தெரிகிறது என்பதற்காக அது வேலை செய்கிறது என்று நம்பிவிடாதீர்கள். நான் ஒருமுறை மாலை முழுவதும் 27800 என்ற எண்ணையே வெறித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு சுமை ஏற்றியும் அது அசையவில்லை. டிரைவரை ஆசை தீரத் திட்டிய பிறகுதான் கவனித்தேன், நான் படித்தது கோர்டெம்பின் கோப்பே அல்ல, ஏசிபிஐ (தாய்ப்பலகையின் ஃபர்ம்வேர் இடைமுகம்) காட்டும் வெப்பநிலை. பல தாய்ப்பலகைகளில் அது 27.8 டிகிரியிலேயே உறைந்து நிற்கும்.

ஆகவே லினக்ஸும் இன்டெல் செயலியும் என்றால் முதலில் பெயரைப் பாருங்கள். சென்சார் அளவீடுகளை லினக்ஸ் காட்டும் எச்டபிள்யூமான் அடைவுகள் ஒவ்வொன்றிலும் ‘நேம்’ என்ற கோப்பு இருக்கும். அதில் கோர்டெம்ப் என்று எழுதியிருக்கும் அடைவுதான் உங்களுடையது. அடைவின் வரிசை எண்ணை நம்பி ஸ்கிரிப்ட் எழுத வேண்டாம், மறுதொடக்கத்தில் மாறக்கூடும்.

அடுத்தது கணக்கு. எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். சென்சார் வெப்பநிலையைச் சொல்வதில்லை, உச்சவரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்றுதான் சொல்கிறது. செயலியின் உள் ரெஜிஸ்டர்களைப் படிக்க உதவும் எம்எஸ்ஆர் மாட்யூலை ஏற்றிவிட்டு, ரூட்டாக ஆர்டிஎம்எஸ்ஆர் கட்டளையால் ஒரு கோரின் 412ஆம் ரெஜிஸ்டரைப் படியுங்கள். 88380000 என்று வந்தது என்று வைத்துக்கொள்வோம். முதல் 8, அளவீடு செல்லும் என்பதற்கான அடையாளம். நடுவிலுள்ள 38 பதினாறடிமான எண். மூன்று பதினாறும் எட்டும் சேர்ந்து 56. உச்சவரம்பு 100 என்றால் விடை 44 டிகிரி. அந்தக் கோருக்குரிய கோப்பு 44000 காட்ட வேண்டும், ஏனெனில் அலகு மில்லிடிகிரி. டிரைவர் தன் அளவீட்டை ஒரு வினாடி வரை சேமித்து வைத்திருக்கும். அதனால் கணினி சும்மா இருக்கும்போது ஒப்பிடுங்கள். ஓரிரு டிகிரி வித்தியாசத்தை மன்னித்துவிடலாம்.

பிறகு டாஸ்க்செட் மூலம் ஒரே ஒரு கோரில் ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும் ‘யெஸ்’ கட்டளையை ஓடவிட்டு, வெளியீட்டைக் குப்பைக்கு (/dev/null) அனுப்புங்கள். அந்தக் கோரின் எண் தாவி ஏற வேண்டும். பக்கத்துக் கோர்களும் கொஞ்சம் ஏறும், சிலிக்கான் ஒன்றுதானே. வேறொரு கோர் மட்டும் ஏறினால் கோர் எண்கள் இடம் மாறியிருக்கின்றன.

இப்போது ஒரு கோரை ஆஃப்லைன் ஆக்குங்கள். அதன் கோப்பு மறைய வேண்டும். ஹைப்பர்திரெடிங் இருந்தால் ஒரு கோர் இரண்டு சிபியுக்களாகத் தெரியும். இரண்டையும் அணைத்தால்தான் மறையும். இதையும் நான் பிழை என்று எண்ணி அறிக்கை எழுதத் தொடங்கியவன்தான்.

கடைசியாக, ஒரு முனையத்தில் ஏதேனும் ஒரு கோரின் வெப்பநிலைக் கோப்பை இடைவிடாமல் படித்துக்கொண்டே, இன்னொன்றில் கோர்டெம்ப் மாட்யூலை நூறு முறை நீக்கி ஏற்றுங்கள். இடையிடையே ‘கோப்பு இல்லை’ என்று வருவது இயல்பு. கர்னல் பதிவில் ஒரு எச்சரிக்கை வரி விழுந்தாலும் டிரைவர் தேறவில்லை.