அனுப்பியது ஒன்று, போய்ச் சேர்ந்தது வேறொன்று

‘சரி.’

நேரில் சொன்னால் குரலும் முகமும் கூடவே வந்து இதை விளக்கிவிடும். கைபேசித் திரையில் தனியாக வந்து நின்றால் ஒருவருக்கு அது சம்மதம், இன்னொருவருக்குக் கோபம். கடைசியில் உள்ள அந்தப் புள்ளியைக் கவனியுங்கள். 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒற்றைச் சொல் குறுஞ்செய்தி முற்றுப்புள்ளியோடு முடிந்தால் அதில் மனப்பூர்வம் குறைவு என்று மாணவர்கள் கருதினார்கள். கையால் எழுதிய குறிப்பில் அதே புள்ளி எந்த வித்தியாசத்தையும் உண்டாக்கவில்லை.

அர்த்தம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது என்று நம்புவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. சொல்லுக்கும் பொருளுக்கும் இயற்கையான ஒட்டு கிடையாது, வழக்கம்தான் இரண்டையும் இணைக்கிறது என்று மொழியியலாளர் பெர்டினான்ட் டி சசூர் வலியுறுத்தினார். தமிழ் இலக்கணத்தில் ‘இடுகுறி’ என்று படித்தோமே, ஏறத்தாழ அதே எண்ணம். சைகைக்கும் இது பொருந்தும். பல்கேரியாவில் தலையை மேலும் கீழும் ஆட்டினால் ‘இல்லை’ என்று அர்த்தம்.

இமோஜியை வெறும் அலங்காரமாக நினைப்பது இதைவிடப் பெரிய தவறு. கனடாவில் ஒரு தானிய வியாபாரி, ஆளி விதை வாங்கும் ஒப்பந்தத்தைப் படமெடுத்து அனுப்பி, உறுதிசெய்யச் சொன்னார். விவசாயி கட்டைவிரலை உயர்த்தும் இமோஜியைப் பதிலாக அனுப்பினார்; ஆனால் சரக்கைக் கொடுக்கவில்லை. ‘கிடைத்தது’ என்பதற்காகத்தான் அனுப்பினேன் என்பது அவர் வாதம். ஆனால் முந்தைய ஒப்பந்தங்களுக்கும் அவர் இப்படி ஓரிரு சொற்களில் பதில் சொல்லிவிட்டு, சரக்கையும் கொடுத்திருந்தார். அந்தப் பழக்கத்தைப் பார்த்த சஸ்காட்சுவான் நீதிமன்றம், 2023-ல் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டது. இழப்பீடு சுமார் 82,000 கனடா டாலர்! ‘கிடைத்தது, முடிவை நாளை சொல்கிறேன்’ என்று எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

இன்னொன்று, நம் திரையில் தெரிவதே எதிராளிக்கும் தெரியும் என்று எண்ணுவது. 2016-ல் ஆப்பிள் துப்பாக்கி இமோஜியைத் தண்ணீர்த் துப்பாக்கியாக மாற்றியது. வேறு சில நிறுவனங்கள் 2018-ல்தான் மாற்றின. இடைப்பட்ட காலத்தில் ஒருவர் அனுப்பிய பொம்மை இன்னொருவருக்கு நிஜத் துப்பாக்கியாகத் தெரிந்திருக்கும்.

அப்புறம், ‘பேச்சில் சொற்களின் பங்கு வெறும் 7 சதவீதம்’ என்று சொல்லித் திரியாதீர்கள். அந்த எண்ணுக்கு அடிப்படையான, 1960-களில் உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் செய்த சோதனைகள், உணர்வையும் விருப்புவெறுப்பையும் மட்டுமே பற்றியவை. எல்லாப் பேச்சுக்கும் அதை நீட்டக் கூடாது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

படிப்பவர் பக்கமும் தவறு உண்டு. திரையில் குரல் இல்லாத இடத்தை நம் மனநிலையை வைத்து நிரப்பிவிடுகிறோம். அந்த ‘சரி.’ வந்தால் உடனே ‘கோபமா?’ என்று கேட்காமல், ‘இதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாமா?’ என்று கேட்டுப் பாருங்கள்.